உயிரணுவுக்கு உரிய வளி

நம் இலக்கண நூலார் வழக்கினை இயல்பு வழக்கு எனவும் தகுதி வழக்கு எனவும் இரண்டாகப் பகுத்து, தகுதி வழக்கினுள் குழூஉக்குறி என ஒன்றனை வைத்தனர். ஒரு தொழிலார் தம் கூட்டத்துள்ளே ஒரு பொருளின் பெயரை விடுத்து வேறொரு பெயரிட்டு வழங்குவது குழூஉக்குறியாம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் இதற்கு எடுத்துக்காட்டுக்களாக வகுப்பில் நாம் ஓதுவன. இவ்வழக்கினால் உலகுக்குக் கேடொன்றும் இல்லை. பொற்கொல்லன் எத்துணை முறை 'பறி' என்று சொன்னாலும், துலாக்கோலில் வைத்து நிறுக்குங்கால் அது பொன்னே என்பதை மறவான். ஆனால் தான் இட்ட பெயரைத் தானே மெய்யென நம்பி, அந்நம்பிக்கையின்படி நிறுக்கவும் உருக்கவும் தலைப்படுவானாயின் என்னாகும்? இன்றைய உயிர்நூல் ஆய்வுக்கூடங்களில் அத்தகைய குழூஉக்குறி ஒன்று உலவுகின்றது.

'நார்மாக்ஸியா' என்பது அக்குறி. 'இயல்பான உயிர்வளி நிலை' என்பது அதன் பொருள். பொதுமக்கள் பிராணவாயு என்று வழங்கும் ஆக்ஸிஜனையே ஈண்டு உயிர்வளி என்கிறேன். உடலினின்றும் பிரித்தெடுத்த உயிரணுக்களைத் தட்டில் இட்டு, ஊட்டநீர் வார்த்து வளர்க்கும் ஆய்வாளர், அத்தட்டினைச் சூழ்ந்திருப்பது அறைக்காற்றாயின் அதனை இயல்நிலை என்று எழுதுகின்றனர். அறைக்காற்றில் உயிர்வளி நூற்றுக்கு 21 பங்கு. நைட்ரஜனைப் புகுத்தி அதனை 5 பங்காகவோ 3 பங்காகவோ குறைத்தால், உடனே 'ஹைபாக்ஸியா', அஃதாவது உயிர்வளிக் குறைவு, என்று பெயர் மாறுகின்றது. இப்பெயரீடு பெரும்பாலும் தலைகீழானது என்பதும், இதனால் விளைவது சொற்பிழை மட்டுமன்று, பொருட்பிழையும் ஆம் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

'தமிழ் ஆனர்ஸ் பயிலும் உனக்கு உயிரணுவோடு என்ன உறவு?' என்று விடுதியில் எனக்கு அடுத்த அறையில் உறையும் விலங்கியல் நண்பர் வினவினார். பெயர் பொருளோடு பொருந்துமா என ஆராய்வது எங்கள் துறையின் நாட்பணி என்பதே என் விடை. இச்செய்தியை எனக்கு முதலிற் சொன்னவரும் அவரே. ஆதலின் அவ்வினாவை விளையாட்டு வினாவாகவே கொண்டேன்.

இனி, உயிர்வளி நம் உடலினுள் நடக்கும் வழியைச் சற்றே பின்தொடர்வோம். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் உயிர்வளியின் பங்கு ஏறத்தாழ 160. காற்று மூச்சுக்குழலில் ஈரமும் வெம்மையும் பெறுங்கால் நீராவி தன் இடத்தை எடுத்துக்கொள்ள, 160 என்பது 150 ஆகின்றது. நுரையீரலின் நுண்ணறைகளில் கரியமிலவாயுவோடு கலந்து 100 அளவிற்கு இறங்குகின்றது. தமனிகளில் ஓடும் குருதியிலும் சற்றேறக்குறைய அவ்வளவே. ஆண்டிருந்து உறுப்புக்களை நோக்கிச் செல்லச் செல்ல இறக்கம் தொடர்கின்றது. மனிதத் திசுக்களில் அளந்து கண்ட எண்களை ஒருங்கு சேர்த்து 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுரையிற் காண்பவை இவை: கல்லீரலில் ஏறத்தாழ 41, மூளையில் 34, தசையில் 29, தோலின் மேலடுக்கில் 8. காற்றுக்கு மிக அண்மையில் உள்ள தோலின் அணுக்கள் இத்துணைக் குறைந்த வளியில் வாழ்கின்றன என்பது எனக்குப் பெருவியப்பாயிருந்தது. குருதியணுக்களுக்குப் பிறப்பிடமாகிய எலும்பு மஜ்ஜையைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டு எலும்பினுள் ஒளியைச் செலுத்தி அளந்த ஆய்வாளர், மஜ்ஜையின் ஆழ்ந்த பகுதியில் உயிர்வளியின் அழுத்தம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டரே எனக் கண்டு 2014இல் வெளியிட்டனர்.

ஆகவே உடலினுள்ளும் திணைகள் உண்டென்னலாம். குறிஞ்சிக்கு உரிய கருப்பொருள் வேறு, நெய்தலுக்கு உரியது வேறு ஆதல்போல, மூளைக்கு உரிய வளி வேறு, மஜ்ஜைக்கு உரிய வளி வேறு. எல்லாத் திணைக்கும் பொதுவான ஒரு வளி உடலில் யாண்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தாரோ எல்லா உறுப்பின் அணுக்களையும் ஒரே வெளியிற் குடியேற்றினர். இன்குபேட்டர் எனப்படும் வெம்மைப் பெட்டியின் வெப்பம் 37 பாகை. அதனுள் நீராவி நிறைந்திருக்கும். கரியமிலவாயு நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்திருக்கும். நீராவியின் பங்காகிய 47 மில்லிமீட்டரையும் கரியமிலவாயுவின் பங்கையும் கழித்துக் கணக்கிட்டால், அப்பெட்டியில் உயிர்வளியின் அழுத்தம் ஏறத்தாழ 142 மில்லிமீட்டர், அஃதாவது நூற்றுக்கு 18.6 பங்கு. கட்டுரைகளில் 21 என்று எழுதுவதே பிழை என்பது ஒரு புறமிருக்க, இவ்வெண் நம் உடலின் எந்த உள்ளுறுப்புக்கும் உரியதன்று. மூளையின் அணுவுக்கு அது நான்கு மடங்கு. தோலின் மேலடுக்கு அணுவுக்குப் பதினேழு மடங்குக்கும் மேல்.

இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று? எவரும் ஆராய்ந்து தெளிந்து 21 என்னும் எண்ணைத் தேர்ந்தாரில்லை. 1907இல் ராஸ் ஹாரிஸன் என்னும் அமெரிக்கர் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளி ஒன்றில் தொங்கவிட்டு, நரம்பிழை வளர்ந்து நீள்வதைக் கண்ணாற் கண்டார். 1912இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் அலெக்ஸிஸ் காரெல் கோழிக் கருவின் இதயத் திசுவைக் கலத்தில் இட்டு வளர்க்கத் தொடங்கினார். அவர் மறைந்த பின்னும் அவ்வளர்ப்பு 1946 வரை நடந்தது. அம்முன்னோர்க்கு அணு கலத்தில் பிழைப்பதே அரிய வெற்றி. மேசைமேல் எக்காற்று இருந்ததோ அக்காற்றே அணுவுக்கும் வாய்த்தது. அவரை நாம் குறைகூறுதல் தகாது. பின்வந்தோர் அதனை மரபாக்கி, மரபினை இயல்பென்று பெயரிட்டதே குறை.

ஈண்டு மற்றொரு காரணமும் உண்டு. அதனை எனக்கு விளக்கியவரும் அவ்விலங்கியல் நண்பரே. பெட்டியிற் கரியமிலவாயுவின் அளவை மட்டும் எல்லோரும் கருத்தாய்க் காக்கின்றனர். ஏன்? ஊட்டநீரில் ஃபீனால் சிவப்பு என்னும் நிறப்பொருள் கலந்திருக்கும். கரியமிலவாயு குறைந்தால் நீர் ஊதா கலந்த செந்நிறம் கொள்ளும். அமிலம் மிகுந்தால் மஞ்சளாகும். கதவைத் திறந்தவுடன் பிழை கண்ணிற் படும். உயிர்வளி மிகுந்தாலோ குறைந்தாலோ நிறம் மாறுவதில்லை. நீர் தெளிந்தே நிற்கும். அணுக்களும் அன்றே இறந்துவிடா. கண்ணுக்குத் தெரிந்த பிழையைத் திருத்திக் கண்ணுக்குத் தெரியாததை விட்டனர் என்பது மனித இயற்கைக்கு ஒத்ததே.

அணுக்கள் இறவாவெனினும் ஊறின்றி இருப்பதில்லை. இரும்பைத் துருவாக்குவதும் உயிர்வளியே. உயிரணுவினுள்ளும் அது மிகுந்தவிடத்து மரபுப் பொருளைச் சிதைக்கும் கூறுகள் பிறக்கின்றன. 1961இல் லெனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும், கலத்தில் வளரும் மனித அணுக்கள் ஓர் எல்லைவரை பிளவுற்றுப் பெருகிப் பின் ஓய்ந்து நிற்கும் எனக் காட்டினர். 1977இல் வெளிவந்த ஆய்வில், அத்தகைய மனித அணுக்களை நூற்றுக்கு 10 பங்கு உயிர்வளியில் வைத்தவிடத்து அவை மேலும் சில முறை பிளவுற்று வாழ்ந்தன. 50 பங்கில் வைத்தவிடத்து விரைவில் ஓய்ந்தன. 2003இல் சுண்டெலிக் கருவின் அணுக்களைக் கொண்டு செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அறைக்காற்றில் விரைந்து முதுமையுற்ற அவ்வணுக்கள் 3 பங்கு வளியில் முதுமையுறாது பெருகின. அறைக்காற்றில் அவற்றின் மரபுப் பொருள் மிகுதியும் சிதைந்திருந்தமையும் கண்டனர். அந்நாள் வரை 'சுண்டெலி அணுவின் இயற்கையான முதுமை' என்று நூல்களில் எழுதப்பட்டது பெரும்பான்மையும் காற்றினால் வந்த காயம் என்பது இதனாற் பெறப்பட்டது. இயல்பு என்று தவறாகப் பெயரிட்ட நிலையில் வைத்துக் கண்டதனால், அங்குக் கண்ட முதுமையும் இயல்பாகவே எண்ணப்பட்டது. ஒரு பிழைப்பெயர் மற்றொரு பிழைப்பெயரை ஈன்ற விதம் இது.

உயிரணு தன்னைச் சூழ்ந்த வளியின் அளவை உணரவும் வல்லது. அவ்வுணர்வு எங்ஙனம் நிகழ்கின்றது என்று கண்டதற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்ஸா என்னும் மூவருக்கும் 2019இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அணுவினுள் ஒரு புரதம் இடையறாது செய்யப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. உயிர்வளி போதிய அளவு இருக்குங்கால், அவ்வளியின் அணுத்துகளே அப்புரதத்தின்மேல் ஓர் அடையாளமாய் ஒட்டி, 'இதனை அழித்திடுக' என்று காட்டிக்கொடுக்கின்றது. வளி குறைந்தால் அடையாளம் இடுவார் இல்லை. புரதம் பிழைத்துக் கருவினுட் புகுந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தூண்டுகின்றது. அணு சர்க்கரையைச் செலவிடும் முறையே மாறுகின்றது. உடலினுள் வெவ்வேறு திணைகளில் வெவ்வேறு அளவில் இயங்கிக்கொண்டிருக்கும் இக்கருவி, அறைக்காற்றின் கீழ்ப் பெரிதும் அடங்கிக்கிடக்க நேரும். அந்நிலையில் ஒரு மருந்தை ஊற்றி, அது அணுவை என் செய்கின்றது என்று பார்த்து எழுதும் முடிவு எவருடைய உடலைப் பற்றியது?

நோயாளியின் கட்டில் வரை செல்லும் வினா இது. குருதிப் புற்றுநோய் உற்றவர்க்குப் பிறருடைய மஜ்ஜையினின்றோ குழந்தையின் கொப்பூழ்க்கொடிக் குருதியினின்றோ மூலவணுக்களை எடுத்துச் செலுத்துகின்றனர். மூலவணுக்கள் மிகச் சிலவே. ஒவ்வொன்றும் பொன்னினும் அரியது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர், எடுக்கும்போதே காற்றுப் படாமல் 3 பங்கு வளியுள்ள அறைப்பெட்டியினுள் வைத்து எடுத்துப் பார்த்தனர். வழக்கமான முறையிற் கிடைப்பதினும் மிகுந்த மூலவணுக்கள் கிடைத்தன. காற்றுப் பட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே மூலவணுக்கள் தம் மூலத்தன்மையை இழக்கத் தொடங்குகின்றன என்று அவர் உரைத்தனர். அங்ஙனமாயின், இதுகாறும் மூலவணுக்களைப் பற்றி நாம் எண்ணிய எண்ணிக்கைகள், காற்றுப் பட்ட பின் எஞ்சியவற்றின் எண்ணிக்கைகளே. கருவளர்ப்பிலும் இவ்வாறே. கருக்குழலினுள் வளி குறைந்தே இருக்கும். கலத்தில் வளர்க்கும் மனிதக் கருவை ஏறத்தாழ 5 பங்கு வளியில் வைத்தால் உயிருடன் பிறக்கும் குழந்தைகள் மிகுகின்றன என்று, பல மருத்துவ ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2012இல் முடிவு கூறிற்று.

உயிர்வளி என்னும் பெயரே நம்மை மயக்குகின்றது போலும். உயிர்க்கு உரிய வளி எனின், மிகுதோறும் நன்றன்றோ என்று எண்ணத் தோன்றும். 1774இல் அதனைப் பிரித்தெடுத்த ஜோஸப் பிரீஸ்ட்லி, தாமே சபைப் போதகராயும் இருந்தவர், அவ்வளியில் மெழுகுதிரி விரைந்தெரிந்து தீர்வதைக் கண்டு, நலமுற்ற மனிதர் அதனையே மூச்சாகக் கொண்டால் வாழ்நாளும் விரைந்து எரிந்து தீருமோ என ஐயுற்றார். அவ்வையத்தைப் பின்னோர் போற்றியிருப்பின் ஒரு பெருந்துயரம் குறைந்திருக்கும். 1940களில் மேனாட்டு மருத்துவமனைகள், குறைமாதத்திற் பிறந்த மகவுகளை மூடிய பெட்டியில் வைத்து உயிர்வளியைத் தாராளமாய்ச் செலுத்தின. செல்வ நாடுகளின் சிறந்த மருத்துவமனைகளிலேயே குழந்தைகள் குருடாயின. 1942இல் பாஸ்டன் நகர மருத்துவர் தியோடர் டெரி அந்நோயை முதலில் விவரித்தார். 1951இல் மெல்பர்ன் நகரத்துக் கேட் கேம்ப்பெல் அம்மையார் காரணம் உயிர்வளியே ஆகலாம் என்றார். 1953இலும் 1954இலும் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆய்வு அதனை மெய்ப்பித்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தனர். அன்பினாற் கொடுத்ததே அவர்தம் கண்ணைக் கெடுத்தது.

அத்துடன் கதை முடிந்திருப்பின் என் கட்டுரையும் எளிதில் முடிந்திருக்கும். குருட்டுக்கு அஞ்சிய மருத்துவர் உயிர்வளியை மிகவும் சுருக்கினர். கண் பிழைத்தது, ஆனால் பல குழந்தைகள் உயிர் பிழைக்கவில்லை. கே. டபிள்யூ. கிராஸ் என்பார் 1973இல் இவ்விழப்பைக் கணக்கிட்டு எழுதினார். மிகுதி தீது என்று கண்டவர் குறைவு நன்று என்று கொண்டமையால் வந்த கேடு இது. ஆய்வுக்கூடத்திலும் இதே பள்ளத்தில் விழுவார் உளர். '21 தவறு, இனி 5 வைப்போம்' என்று பெட்டியின் முகப்பில் எண்ணை மாற்றிவிட்டு மனநிறைவு கொள்வோரைக் கருதியே இதனைச் சொல்கின்றேன்.

ஏனெனில் பெட்டியின் காற்று வேறு. தட்டின் அடியில் ஒட்டிக்கிடக்கும் அணுவை அடையும் வளி வேறு. இடையே ஊட்டநீர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் நிற்கின்றது. வளி அந்நீரினூடே மெல்லக் கசிந்து இறங்கல் வேண்டும். உடலில் நிலை வேறு. ஒரு லிட்டர் தமனிக் குருதி ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்கின்றது. அதில் நீரிற் கரைந்தது 3 மில்லிலிட்டரே, மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது. ஊட்டநீரில் ஹீமோகுளோபின் ஏது? ஆகவே உடல், வாய்க்காற் பாசனம் போன்றது: நீர்மட்டம் தாழ்ந்திருப்பினும் வரத்து இடையறாது. தட்டோ தேங்கிய குட்டை: மட்டம் உயர்ந்து தோன்றும், எடுத்தால் மீண்டும் நிறைவது அரிது. பசியுள்ள அணுக்கள், கல்லீரல் அணுக்கள் போல்வன, நெருங்கி வளர்ந்தவிடத்து வந்த வளி முழுவதையும் உண்டுவிட, அறைக்காற்றின் கீழிருந்தும் அடியில் மூச்சுத்திணறி நிற்கும். கொழுப்பணுக்களிடத்து இவ்வாறே நிகழ்தலை 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஊட்டநீரின் ஆழத்தைக் குறைத்த அளவிலேயே அவ்வணுக்களின் வாழ்க்கை முறை மாறிற்று. அத்தகைய தட்டினை எடுத்து 5 பங்கு வளியில் வைப்பது, அவற்றின் கழுத்தை மேலும் நெரிப்பதாம். அருகிய அணுக்கள் சில மட்டும் உள்ள தட்டோ, அதே பெட்டியில், அதே நாளில், வளி மிகுதியால் வருந்திக்கொண்டிருக்கும். இரண்டனையும் 'நார்மாக்ஸியா' என்னும் ஒரு சொல்லால் எழுதி ஒப்பிடுகின்றனர்!

நூற்றுக்கு இத்தனை பங்கு என்று எழுதும் முறையும் எனக்கு உடன்பாடன்று. அணு உணர்வது பங்கை அன்று, அழுத்தத்தை. அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆங்குக் காற்றின் அழுத்தம் 630 மில்லிமீட்டர் அளவே. உயிர்வளியின் பங்கு அங்கும் 21. ஆனால் அளவோ கடற்கரை நகரத்ததினும் ஆறில் ஒரு கூறு குறைவு. டென்வரில் செய்த சோதனையையும் கடற்கரை நகரத்துச் சோதனையையும் ஒரே எண்ணால் எழுதினால், படிப்பவன் எதனை ஒப்பிடுவான்? வேறு சில நுணுக்கங்களும் உள. குறைந்த வளியில் அணுக்களை வாரக்கணக்காய் வளர்த்துவிட்டு, ஊட்டநீர் மாற்றுதற்குக் கதவைத் திறந்து மேசைமேல் வைத்தால் காற்று உடனே புகும்; மீண்டும் உள்ளே வைத்தால், நீரிற் கரைந்த வளி வெளியேறிச் சமநிலை எய்தப் பல மணி நேரம் ஆகும். பிளாஸ்டிக் தட்டும் தன்னுள் வளியை ஒளித்து வைத்துக் கசியவிடும் இயல்புடையது.

மறுப்புரைகள் மூன்று கேட்டுள்ளேன். முதலாவது, 'அறைக்காற்றில் வளர்த்தே பெருஞ்செயல்கள் முடிந்தனவே' என்பது. உண்மை. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகியோர் இளம்பிள்ளைவாத நச்சுயிரைக் கலத்துத் திசுவில் வளர்த்தனர். அம்முறை வழியே 1955இல் ஸாக்கின் தடுப்பு மருந்து உலகுக்குக் கிடைத்தது. அதனாற் காலூன்றி நடந்த குழந்தைகள் எத்துணையரோ! ஆயின், அவர் வேண்டியது நச்சுயிரின் விளைச்சல். அணுவின் இயல்பை அவர் வினவவில்லை. விளைச்சலுக்கு எக்காற்று உதவுமோ அக்காற்றே போதும். 'இவ்வணு உடலில் எங்ஙனம் ஒழுகும்' என்று வினவுவோனுக்கு அது போதாது. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் உடலினின்றும் எடுத்து வளர்க்கப்பட்டு இன்றளவும் பெருகும் ஹீலா அணுக்களோ, தலைமுறை தலைமுறையாய்க் காற்றிலேயே வாழ்ந்து அதற்கே குடிமக்களாய்விட்டன. அவற்றுக்கு உரிய வளி யாதென்பது வேறொரு வழக்கு. இவ்விடத்து என் நண்பரும் யானும் இன்னும் ஒருமைப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு பணம். நைட்ரஜன் உருளைகள் விரைந்து தீரும். வளி குறைத்த நிலையிலேயே கையுறையிட்டு வேலை செய்யும் அறைப்பெட்டிகள் விலை மிக்கவை. எளிய ஆய்வுக்கூடங்கள் என் செய்யும்? இம்மறுப்பு வலியுடையது. ஆயினும் ஊட்டநீரின் ஆழத்தை அளந்து எழுதுதற்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை அணுக்கள் என்று எண்ணி எழுதுதற்கும் உருளை வேண்டா. அளவுகோலும் உண்மையுள்ள குறிப்புப் புத்தகமும் போதும். வளியைத் திருத்த இயலாதவனும் வளி இன்னதென்று உரைக்க இயலும். அணுவின் அருகே ஒளியால் வளியை அளக்கும் சிறு கருவிகளும் இக்காலத்து வந்துள்ளன. பெரிய பெட்டி வாங்கும் பணத்திற் சிறிது அதற்குச் சென்றால், பெட்டி இல்லாமலே பாதி அறிவு கிடைக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது மறுப்பு சற்று வஞ்சகமானது. 'கலத்து வாழ்க்கையில் எதுதான் மெய்? பெரிதும் வழங்கும் ஊட்டநீர் ஒன்றில் சர்க்கரை நலமுடைய குருதியில் உள்ளதினும் ஐந்து மடங்கு. தட்டோ கடினமான பிளாஸ்டிக். அண்டை அணுக்கள் இல்லை, குருதியோட்டம் இல்லை. வளியை மட்டும் திருத்தி யாது பயன்?' என்பர். பல பிழை உள்ள ஏட்டில் ஒரு பிழையையும் திருத்தற்க என்று பதிப்பாசிரியர் எவரேனும் கூறுவரோ? சுவடி ஒப்புநோக்குவோர் முதலில் திருத்துவது, பொருளை மிகுதியும் மாற்றும் பாடத்தையே. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒருங்கே அசைக்கும் பாடம் இது. பிரிட்டனின் பாரி ஹாலிவெல் 2003இலேயே, கலத்து வளர்ப்பினால் அணுக்கள் உறும் இவ்வதிர்ச்சியை ஆய்வாளர் போதிய அளவு கருதவில்லை என்று எழுதியுள்ளார்.

இனிப் பெயருக்கு வருவோம். சிலர் இப்பொழுது 'ஃபிஸியாக்ஸியா', உடலியல்புக்கு ஒத்த வளி, என்று ஒரு புதுச்சொல் வழங்குகின்றனர். பழையதினும் இது நன்று. ஆயினும் இதுவும் ஒரே சொல். பல திணைக்கும் ஒரு வளி உண்டு என்னும் பழைய மயக்கத்தை இது மீண்டும் வாயில் வழியே அழைக்கக் கூடும். சிறுநீரகத்தின் புறப்பகுதிக்கும் மஜ்ஜையின் ஆழத்துக்கும் ஒரே சொல் எங்ஙனம் பொருந்தும்? எண்ணில்லாத அடைமொழி எதுவாயினும் நாளடைவிற் குழூஉக்குறியாகவே முடியும்.

தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர்க்கு ஈண்டு ஒரு வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் வேரூன்றிய சொல்லை ஆங்கிலேயரே பெயர்க்க இயலாது இடர்ப்படுகின்றனர். நம் மொழியில் அச்சொல் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே 'நார்மாக்ஸியா' என்பதனை 'இயல்வளி நிலை' என்று மொழிபெயர்த்துப் பிழையையும் உடன் இறக்குமதி செய்ய வேண்டா. அதனை 'அறைக்காற்று' என்று, உள்ளதை உள்ளவாறே எழுதலாம். 'குறைவளி' என்னும் சொல்லை, குறிப்பிட்ட அவ்வுறுப்பு உடலிற் பெறும் அளவினும் குறைந்தவிடத்து மட்டும் ஆளலாம். ஏனையவற்றை 'மூளைவளி, 34 மில்லிமீட்டர்' என்றும், 'மஜ்ஜைவளி, 10 மில்லிமீட்டர்' என்றும் உறுப்பையும் எண்ணையும் சேர்த்தே சொல்லலாம். அதன் அருகில் நீரின் ஆழமும் அணுவின் நெருக்கமும் எழுதப்படல் வேண்டும். என் நண்பர் தம் வகுப்புக் குறிப்பேட்டில் 'நார்மாக்ஸியா' என்று எழுதியிருந்த இடங்களில் 'அறைக்காற்று' என்று மாற்றி எழுதத் தொடங்கியுள்ளார். 'மில்லிமீட்டர் பாதரசம்' என்று முழுவதும் எழுதக் கை நோகின்றது என்பதே இப்போது அவருடைய முறையீடு. அதற்கொரு சுருக்கக் குறி தேடிக்கொண்டிருக்கின்றோம்.